பொறியியல் கவுன்சலிங்கில் இருந்து முதல் செமஸ்டர் வரை: புதிதாகச் சேரப்போகிறவர்களுக்கு

பிளஸ் டூ முடிவு வந்த அன்றிலிருந்து வீட்டில் போன் ஓயாது. "உங்க பொண்ணுக்கு ஒரு சீட் பிடிச்சு வச்சிருக்கோம், இன்னைக்கே அட்வான்ஸ் கட்டிடுங்க" என்று முன்பின் தெரியாதவர்கள் பேசுவார்கள். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு படிப்பைச் சொல்வார்கள். என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஒவ்வொரு மே மாதமும் எங்கள் தெருத் தம்பி தங்கைகள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களைத்தான் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சலிங் வழியாகச் சேரப்போகிறவர்களுக்கு மட்டும் இது பொருந்தும். மருத்துவத்துக்கும் கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் நடைமுறை வேறு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மதிப்பெண் வந்துவிட்டது, இனி அதை மாற்ற முடியாது. ரேங்க் அதிலிருந்து தானாக வரும். உங்கள் கையில் மிச்சம் இருக்கும் ஒரே பெரிய முடிவு, சாய்ஸ் பட்டியலை, அதாவது எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு வேண்டும் என்ற பட்டியலை, எந்த வரிசையில் போடுகிறீர்கள் என்பதுதான். அதை யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள்.

கட்-ஆஃப் கணக்கு

2007-இல் இருந்து தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து 200-க்கு ஒரு கட்-ஆஃப் போடுகிறார்கள். கணித மதிப்பெண் அப்படியே சேரும். இயற்பியலும் வேதியியலும் பாதியாகச் சேரும். கணிதத்தில் 84, இயற்பியலில் 76, வேதியியலில் 81 என்றால் 84 + 38 + 40.5, மொத்தம் 162.5. மொத்த மதிப்பெண் 500-க்கு மேல் என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் கட்-ஆஃபில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடமில்லை.

ஒரே கட்-ஆஃபில் பல பேர் இருப்பார்கள். அப்போது யாருக்குக் கணிதத்தில் அதிகம், பிறகு யாருக்கு இயற்பியலில் அதிகம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவார்கள். எல்லாமே சமமாக இருந்தால் கடைசியாகக் கணினி கொடுத்த ரேண்டம் எண்ணைப் பார்ப்பார்கள். ரேண்டம் எண் வெளியிடும் நாளில் பத்து இலக்கத்தைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. பெரும்பாலானவர்களுக்கு அது பயன்படும் நிலையே வராது.

பதிவும் சான்றிதழும்

கவுன்சலிங்கை நடத்துவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். 2018 முதல் எல்லாமே ஆன்லைன்தான். விண்ணப்பம் வழக்கமாக மே மாதம் தொடங்கி ஏறக்குறைய ஒரு மாதம் திறந்திருக்கும். பதிவுக் கட்டணம் 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.சி.ஏ., எஸ்.டி. பிரிவினருக்கு 250. வீட்டில் கணினி இல்லாவிட்டால் மாவட்டந்தோறும் இருக்கும் சேவை மையத்துக்குப் போங்கள், இலவசமாகவே பதிந்து தருவார்கள். இந்த மையத்தை டி.எஃப்.சி. என்பார்கள். பெரும்பாலும் அரசுக் கல்லூரி, பாலிடெக்னிக் வளாகத்தில் இருக்கும்.

பதிவு செய்யும்போது கொடுக்கும் கைபேசி எண் உங்கள் வீட்டு எண்ணாக இருக்க வேண்டும். பிரவுசிங் சென்டர்காரர் எண்ணையோ, "நாங்களே எல்லாம் பார்த்துக்கிறோம்" என்கிற கல்லூரி ஆள் எண்ணையோ கொடுக்காதீர்கள். ஓடிபி யாருக்குப் போகிறதோ, சீட்டை முடிவு செய்வது அவர்தான். அட்மிஷன் முடியும்வரை அந்த சிம்மை மாற்றவே வேண்டாம்.

சான்றிதழ்களில் பலரை அலைய வைப்பது சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகிய மூன்றும்தான். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மேசை மேசையாக நகர்ந்து வரும். ஜூன் மாதம் ஊரே அங்கே நிற்கும். அதனால் தேர்வு முடிந்த கையோடு, முடிவுக்குக் காத்திருக்காமல் ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். முதல் பட்டதாரிச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அண்ணனோ அக்காவோ பட்டம் வாங்கியிருந்தால் உங்களுக்குக் கிடைக்காது.

இன்னொரு சின்ன வேலை: ஆதார், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரையும் இனிஷியலையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயரே முழுதாக இருக்கும். ஆதாரை இப்போதே திருத்தினால் பின்னால் உதவித்தொகைக்கு அலைய வேண்டியிருக்காது. ஒரிஜினல்களை யாரிடம் கொடுப்பதற்கு முன்னாலும் ஸ்கேன் செய்து மெயிலில் போட்டுவையுங்கள். டி.சி.யை ஜெராக்ஸ் எடுக்காமல் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவரா? அப்படியானால் 7.5 சதவீத ஒதுக்கீடு உங்களுக்கு இருக்கிறது. 2021-இல் பொறியியலுக்கும் வந்தது. விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிட்டு, படித்த பள்ளிகளின் விவரத்தைச் சரியாகக் கொடுங்கள். இந்த ஒதுக்கீட்டில் சேர்கிறவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. தினக்கூலி வீட்டுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. தெரியாமல் யாரும் விட்டுவிடக் கூடாது.

கல்லூரியைப் பற்றி விசாரிப்பது

ரேங்க் பட்டியல் வருவதற்குள் உங்களுக்குச் சில வாரங்கள் கிடைக்கும். இந்த நாட்களை வீணாக்காதீர்கள். 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் பார்க்க முடியாது. முந்தைய ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்த இடத்தில் முடிந்தது என்ற விவரம் சாதிப் பிரிவு வாரியாகக் கிடைக்கும். அதில் கட்-ஆஃபைவிட ரேங்க்கைப் பாருங்கள். ஒரு வருடம் கணிதத் தாள் சுலபமாக வந்தால் எல்லோருடைய கட்-ஆஃபும் ஏறிவிடும், போன வருட 170-ம் இந்த வருட 170-ம் ஒன்றல்ல. ரேங்க் அந்த அளவுக்கு ஏமாற்றாது.

அடுத்து, அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் செமஸ்டர் தேர்ச்சி சதவீதத்தை வெளியிடுகிறது. எழுதியவர்களில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாத கல்லூரிகள் அதில் தெரிந்துவிடும். தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே வினாத்தாள் தயாரித்துத் தேர்வு நடத்துகின்றன. அவற்றின் சதவீதத்தை இந்தப் பட்டியலோடு ஒப்பிடக் கூடாது.

வேலைவாய்ப்பு விளம்பரத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். பஸ் ஸ்டாண்டு பேனரில் இருப்பது அந்தக் கல்லூரியிலேயே அதிகச் சம்பளம் வாங்கிய ஒரே ஒருவரின் கணக்கு. உங்களுக்கு வேண்டியது நடுவில் இருக்கும் மாணவரின் சம்பளம். என்.ஐ.ஆர்.எஃப். என்ற மத்திய அரசின் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, இடைநிலைச் சம்பளம் என்ன என்று அரசுக்குக் கொடுத்த விவரத்தைத் தங்கள் இணையதளத்திலேயே போட்டிருக்கும். தேடி எடுத்துப் படியுங்கள். பேனரில் இருப்பதையும் இதில் இருப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதி தெளிவு வந்துவிடும்.

முடிந்தால் நேரில் போங்கள். அட்மிஷன் அறையில் உட்கார வைத்து ஜூஸ் கொடுப்பார்கள், குடித்துவிட்டு வெளியே வாருங்கள். கல்லூரி வாசலில் இருக்கும் டீக்கடையில் இறுதி ஆண்டு மாணவர்கள் நிற்பார்கள். அவர்களிடம் நான் கேட்கச் சொல்வது இவற்றைத்தான்: வகுப்பெடுத்த ஆசிரியர்கள் செமஸ்டருக்கு நடுவில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள்? லேப் நடக்கிறதா, ரெக்கார்டு மட்டும் எழுத வைக்கிறார்களா? சேர்ந்த பிறகு எந்தெந்தப் பெயரில் பணம் கேட்டார்கள்? ஹாஸ்டலில் கோடையில் தண்ணீர் வருமா? நேராகக் கேட்டால் நேராகச் சொல்வார்கள். நாலு வருடம் இருந்தவர்களுக்கு மறைக்க ஒன்றுமில்லை.

படிப்பா கல்லூரியா என்ற கேள்விக்கு என் பதில் தெளிவானது. கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும் என்பதற்காக ஆசிரியரே இல்லாத கல்லூரிக்குப் போவதைவிட, ஒழுங்காக வகுப்பு நடக்கும் கல்லூரியில் இ.சி.இ., இ.இ.இ., மெக்கானிக்கல் எடுப்பது மேல். பெரிய ஐ.டி. நிறுவனங்கள் எல்லாத் துறையிலிருந்தும் ஆள் எடுக்கின்றன. ஆனால் அவை எல்லாக் கல்லூரிக்கும் வருவதில்லை.

சாய்ஸ் பட்டியல்

பொதுப்பிரிவுக் கவுன்சலிங் ரேங்க் வரிசையில் மூன்று சுற்றாக நடக்கும். உங்கள் சுற்று வந்ததும் சாய்ஸ் போடச் சில நாட்களே தருவார்கள். அந்த நாட்களில் யோசிக்கத் தொடங்கினால் தாமதம். பட்டியல் அதற்கு முன்பே நோட்டில் தயாராக இருக்க வேண்டும்.

கணினி எப்படி ஒதுக்குகிறது என்று புரிந்துகொண்டால் பயம் போய்விடும். உங்களைவிட முன்னால் ரேங்க் வாங்கியவர்களுக்கெல்லாம் கொடுத்து முடித்த பிறகு உங்கள் பட்டியலை எடுக்கும். முதல் சாய்ஸில் இடம் இருக்கிறதா, உங்களுக்குரிய ஒதுக்கீட்டில் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடும், கீழே இருக்கும் எதையும் பார்க்காது. இல்லையென்றால் இரண்டாவது, மூன்றாவது என்று இறங்கும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, கிடைக்காது என்று நினைக்கும் கல்லூரியை மேலே போடுவதால் உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. இடம் இல்லையென்றால் கணினி அடுத்ததற்குப் போகும், அவ்வளவுதான். "பெரிய கல்லூரியை முதலில் போட்டால் இருக்கிறதும் போயிடும்" என்று சொல்பவர்கள் விஷயம் தெரியாமல் சொல்கிறார்கள். இரண்டு, பாதுகாப்புக்காக ஒரு சுமாரான கல்லூரியை ஐந்தாவது இடத்தில் வைத்துவிட்டு, அதைவிட நல்லதைப் பத்தாவதாக வைத்தால், பத்தாவது உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது, இடம் காலியாக இருந்தாலும். ஆகவே வரிசை முழுக்க முழுக்க உங்கள் ஆசையின் வரிசையாக இருக்க வேண்டும். பயம் பட்டியலின் நீளத்தில் இருக்கட்டும். நடு ரேங்க்கில் இருப்பவர்கள் எண்பது, நூறு சாய்ஸ் போட்டாலும் தப்பில்லை. பத்தோடு நிறுத்தினால் அந்தச் சுற்றில் ஒன்றுமே கிடைக்காமல் போகலாம்.

நான் செய்ய வைக்கும் முறை இது. ஒரு நீள நோட்டில் கல்லூரியும் பிரிவும் சேர்ந்து ஒரு வரி. ஒரு கல்லூரியில் மூன்று பிரிவு பிடித்திருந்தால் அது மூன்று வரி. பிறகு அடுத்தடுத்த இரண்டு வரிகளை மட்டும் பார்த்து, "இரண்டும் கிடைத்தால் எதற்குப் போவேன்?" என்று கேட்டுக்கொண்டே கீழே இறங்குங்கள். பதில் கீழ் வரியாக இருந்தால் இடம் மாற்றுங்கள். எங்கள் வீட்டுப் பக்கத்துத் தங்கை ஒருத்தி இப்படிச் செய்தபோது, பன்னிரண்டாவது இடத்தில் இருந்த அரசுக் கல்லூரி மெக்கானிக்கல் நான்காவது இடத்துக்கு ஏறிவிட்டது. கட்டணத்தையும் பஸ்ஸையும் சேர்த்துக் கேட்டபோதுதான் அவளுக்கே அது தெரிந்தது.

ஒவ்வொரு வரிக்கும் கல்லூரி எண்ணை எழுதிவையுங்கள். கிண்டி பொறியியல் கல்லூரிக்கு 1, குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கு 4, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரிக்கு 2005 என்று எல்லாவற்றுக்கும் எண் உண்டு. பெயரை வைத்துத் தேடினால் ஒரே மாதிரிப் பெயரில் வேறு மாவட்டக் கல்லூரி வந்து மாட்டும். பிரிவின் பெயருக்குப் பக்கத்தில் எஸ்.எஸ். என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு, அரசு உதவி பெறும் கல்லூரியிலும் இருக்கும், கட்டணம் அதிகம். சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியிலும் சில கல்லூரிகளில் உண்டு. 2010-இல் இருந்து நடக்கிறது.

எல்லாம் ஏற்றிய பிறகு பட்டியலைச் சேமித்து, பிரின்ட் எடுத்து, நோட்டோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு லாக் செய்யுங்கள். கடைசி நாள் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டாம்.

ஒதுக்கீடு வந்த பிறகு

முதலில் வருவது தற்காலிக ஒதுக்கீடு. அதைப் பார்த்து நீங்கள் பதில் சொல்ல வேண்டும். பதிலே சொல்லாமல் விட்டால் சீட் போய்விடும். கிடைத்ததே போதும் என்றால் ஏற்றுச் சேர்வதாகக் கொடுத்து, குறித்த நாளுக்குள் கல்லூரிக்குப் போய்க் கட்டணம் கட்ட வேண்டும். இது இருக்கட்டும், பட்டியலில் இதற்கு மேலே இருப்பது காலியானால் அதுவும் வேண்டும் என்றால் ஏற்று மேல்நோக்கிக் காத்திருக்கும் தெரிவைக் கொடுக்கலாம். அதற்குக் கல்லூரிக்குப் போகாமல் சேவை மையத்தில் பணம் கட்ட வேண்டும். மேலே உள்ளது கிடைத்துவிட்டால் பழையது தானாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. பட்டியல் ஆசை வரிசையில் இருந்தால் இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகும் வழியும் உண்டு. அடுத்த சுற்றில் மிச்ச இடம்தான் இருக்கும் என்பதால் நான் யாருக்கும் அதைச் சொல்வதில்லை. சேர்ந்த பிறகு வேறு படிப்பு கிடைத்தாலும் பயப்பட வேண்டாம். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கல்லூரிக்கு உரிமை இல்லை. தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி அது. கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள்.

சேர்ந்ததும் வங்கிக் கணக்கைப் பாருங்கள். உதவித்தொகை எதுவானாலும் ஆதாரோடு இணைந்த கணக்குக்குத்தான் வரும். பெயருக்கு ஆதார் எண் கொடுத்தால் போதாது, நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு இணைந்திருக்கிறதா என்று வங்கியில் கேட்க வேண்டும். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், மாணவர்களுக்கு 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. கல்லூரியில் அந்த வேலையைப் பார்க்கும் ஆசிரியர் யார் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். வங்கிக் கடனுக்கு கல்லூரியிலிருந்து போனஃபைடும் (இங்கேதான் படிக்கிறீர்கள் என்ற சான்று) கட்டண விவரக் கடிதமும் வேண்டும்.

முதல் செமஸ்டர்

சேர்ந்ததும் சில நாட்கள் அறிமுக வகுப்புகள் நடக்கும். பிறகு திடீரென்று வேகம் பிடிக்கும். பள்ளியில் ஒரு வருடம் படித்த அளவு இங்கே நாலு மாதத்தில் முடிந்துவிடும்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் இரண்டு வாரம் ஒன்றுமே புரியாதது போல இருக்கும். உங்களுக்குப் பாடம் தெரியும், பெயர்தான் தெரியாது. அணி என்று படித்ததுதான் மேட்ரிக்ஸ், வகையீடுதான் டிஃபரன்ஷியேஷன், தொகையீடுதான் இன்டெகிரேஷன். பழைய பிளஸ் டூ கணிதப் புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள், ஆங்கில வழிப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து ஓரத்தில் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள். முதல் செமஸ்டர் கணிதத்தில் பாதி ஏற்கெனவே பார்த்த பாடம்தான். பைத்தான் என்ற கணினி மொழியை மனப்பாடம் செய்யாமல், தினமும் ஒரு சின்ன நிரலையாவது கையால் அடித்துப் பாருங்கள். லேப்டாப் உடனே வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை, கல்லூரி லேபில் உட்காரலாம்.

இன்ஜினியரிங் கிராபிக்ஸ் என்ற படம் வரையும் பாடம் வரும்போது எல்லோரும் பயமுறுத்துவார்கள். கோடு போட உதவும் மினி டிராஃப்டரைச் சீனியரிடம் பாதி விலைக்கு வாங்குங்கள், ஆனால் திருகு இறுகப் பிடிக்கிறதா என்று மேசையில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். ஆடும் டிராஃப்டரில் எந்தக் கோடும் நேராக வராது. வகுப்பில் போட்ட படத்தை அன்று ராத்திரியே இன்னொரு முறை தனியாகப் போட்டவர்கள் யாரும் எங்கள் வகுப்பில் அரியர் (தேறாமல் பாக்கி நிற்கும் பாடம்) வைக்கவில்லை.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில், அதாவது பாட, தேர்வு விதிமுறையில், தியரிக்குக் கல்லூரி போடும் இன்டர்னல் மதிப்பெண் 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்வில் 45 சதவீதம், மொத்தத்தில் 50 சதவீதம் எடுத்தால்தான் பாஸ். தன்னாட்சிக் கல்லூரியிலோ புதிய ரெகுலேஷனிலோ இது மாறலாம். உங்களுக்கு எது என்று வகுப்பு ஆசிரியரிடம் முதல் வாரமே கேளுங்கள். வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும். காய்ச்சலில் படுத்த நாட்களுக்கு மருத்துவச் சான்றிதழை அப்போதே கொடுத்துவிடுங்கள், செமஸ்டர் கடைசியில் தேடி ஓடாதீர்கள்.

ராகிங் பற்றி இரண்டு வரி. தமிழ்நாட்டில் 1997 முதலே அது சட்டப்படி குற்றம். "சும்மா அறிமுகம்தான்" என்று சொல்லி யாராவது பாடச் சொன்னாலும், பணம் கேட்டாலும், ராத்திரி அறைக்கு வரச் சொன்னாலும் வார்டனிடம் சொல்லுங்கள். அவர் கண்டுகொள்ளாவிட்டால் 1800-180-5522 என்ற இலவச எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். வீட்டிலும் அன்றே சொல்லிவிடுங்கள். நல்ல சீனியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் புத்தகமும் பழைய வினாத்தாளும் தருவார்கள்.

முதல் செமஸ்டரில் ஒரு பாடம் போய்விட்டால் உலகம் முடிந்துவிடாது. பாஸாகியிருக்க வேண்டும் என்று உறுதியாக நினைத்தால், முடிவு வந்த சில நாட்களுக்குள் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நகல் வந்ததும் பாட ஆசிரியரிடம் காட்டி, மதிப்பெண் கூடும் என்று அவர் சொன்னால் மட்டும் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுங்கள். கூடாது என்றால் அடுத்த செமஸ்டரிலேயே எழுதி முடித்துவிடுங்கள். வேலைக்கு ஆளெடுக்க வரும் நிறுவனங்களில் பல, முடிக்காத அரியர் இருந்தால் தேர்வுக்கே உட்கார விடுவதில்லை. எழுதி முடித்த அரியரைப் பலர் கேட்பதே இல்லை.